மாத்திரை கால், பேச்சு முக்கால்?

மெடிக்கல் கடைத் தம்பி டுலோக்செடின் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சீட்டை ஒரு தடவை பார்த்தான், என்னை ஒரு தடவை பார்த்தான். “அண்ணே, இது யாருக்கு?”

எனக்குத்தான், இடுப்பு வலிக்கு என்றேன்.

பக்கத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் இருமல் மருந்துக்காக நின்றுகொண்டிருந்தார். தம்பி குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்: “இது டிப்ரஷனுக்குக் குடுக்குற மாத்திரைண்ணே. டாக்டரு மாத்தி எழுதிட்டாரு போல. எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கோங்க.”

சிவகாசியில் ஒரு சேதி நம்மை முந்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். நான் வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள் மனைவி வாசலில் நின்றாள். “என்னங்க, தலைக்கா மாத்திரை குடுத்திருக்காங்க?” என்றாள். அந்த அட்டை பீரோவுக்குள் பழைய ரசீதுகளுக்கு அடியில் பதினோரு நாள் கிடந்தது. இரண்டு வருடமாக எனக்கு வலிக்கிறது என்பதை ஊர் நம்பவே பாதிக் காலம் ஆகியிருந்தது. இந்த ஒரு அட்டையில் எல்லாம் போச்சு, “அவனுக்கு மனசுலதான் ஏதோ” என்று முடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். உண்மையைச் சொன்னால், நானே அப்படித்தான் நினைத்தேன்.

நான் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். பெரும்பகுதி காலண்டர் வேலை. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக்கான காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும். அன்றைக்கு உட்கார்ந்தால் மார்கழிக்குத்தான் எழுந்திருப்போம் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அதே லட்சுமி, அதே முருகன். அடியில் கடைப்பெயர், போன் நம்பர், கிளை முகவரி மட்டும் மாறும். ஒரே நாளில் அறுபது எழுபது கடைகளுக்கு மாற்றிக் கொடுத்ததுண்டு. 2021 தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, மேசைக்கு அடியில் யுபிஎஸ் ஒயரைச் சொருகக் குனிந்தேன். சுளீர் என்றது. குனிந்தவன் நிமிரவில்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் படுக்கவைத்தார்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். எல்4, எல்5 என்ற கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் பல்ஜ், அதாவது ஜவ்வு பிதுங்கல். முதலில் பார்த்த டாக்டர் பேனா முனையால் படத்தைத் தட்டி, “ஜவ்வு விலகியிருக்கு, நரம்பை உரசுது. இனிமே குனியாதீங்க, கனம் தூக்காதீங்க” என்றார். அவர் அதைச் சொல்ல அரை நிமிடம்தான் ஆகியிருக்கும். நான் அந்தச் சொல்லுக்குள் இரண்டு வருடம் குடியிருந்தேன்.

அந்த இரண்டு வருடக் கதையைச் சுருக்கிவிடுகிறேன், இடுப்பு வலிக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரிந்த கதைதான். ஊசி, பெல்ட், டிராக்ஷன், சூட்டு ஒத்தடம், கோடாலித் தைலம், உழிச்சல், வர்மம் பார்க்கிறவர், கட்டிலில் போட்ட பலகை. ஒவ்வொன்றும் பத்து நாள் கேட்டது. வண்டி ஓட்டுவதை விட்டேன். விசேஷ வீடுகளுக்குப் போவதை விட்டேன். தண்ணீர் வருகிற நாளில் மனைவி ஒருத்தியாகக் குடம் குடமாகத் தூக்க, நான் பெல்ட்டோடு வாசலில் நிற்பேன். தெரு பார்க்கும். வலியைவிட அந்த நிற்பு மோசமாக இருந்தது.

2023 ஆனியில் மதுரையில் ஒரு வலி மருத்துவரிடம் போனேன். மயக்க மருந்து படித்துவிட்டு வலிக்கென்று தனியாக மருத்துவம் பார்க்கிறவர். போனில் நேரம் வாங்கும்போதே, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொன்னார்கள். நகைக்கடைக் கட்டைப்பை ஒன்றில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். மேசையில் கொட்டியதும் அவர் சீட்டுக்கட்டுப் பிரிக்கிற மாதிரி அட்டைகளைப் பிரித்து அடுக்கினார். இரண்டு அட்டைகளை மட்டும் தனியாக என் பக்கம் தள்ளி, “இது ரெண்டும் என்ன?” என்றார்.

ஒன்று எலும்பு டாக்டர் கொடுத்தது, காலையில் போடுவது. இன்னொன்று வேறொருவர் கொடுத்தது, ராத்திரிக்கு. பெயர் வேறு, கலர் வேறு, கம்பெனி வேறு. பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கச் சொன்னார். இரண்டிலும் ஏசிக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, இரண்டிலும் பாராசிட்டமால். ஐந்து மாதமாக ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். எட்டுப் புள்ளி எழுத்தில் பிழை கண்டுபிடிக்கிறவன் நான். சொந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்ததில்லை. வயிறும் கிட்னியும் என்ன ஆகும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சரியாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

டிரமடால் என்ற இன்னொரு வலி மாத்திரை அட்டையை அவர் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். அவர் எழுதப்போகும் மருந்தும் அதுவும் சேர்ந்தால் உடம்பில் செரடோனின் என்ற நரம்பு ரசாயனம் அளவுக்கு மீறி ஏறிவிடும் ஆபத்து உண்டாம். ‘நரம்பு மாத்திரை’ என்று நான் பயபக்தியோடு போட்டுக்கொண்டிருந்த பிரிகாபலினை ஒரே நாளில் நிறுத்தக்கூடாது என்று, மெல்லக் குறைத்து நிறுத்தக் கணக்கு எழுதிக் கொடுத்தார். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்கு அதைக் கொடுத்து ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் சோதித்திருக்கிறார்கள். 2017ல் வந்த முடிவு: மருந்தே இல்லாத சும்மா மாத்திரைக்கும் அதற்கும் வலியில் வித்தியாசமில்லை, தலைசுற்றல்தான் கூடுதல். எனக்கும் அந்தக் கிறுகிறுப்புதான் மிச்சமாகியிருந்தது. சர்க்கரை நோயில் வரும் நரம்பு வலி போன்றவற்றுக்கு அது நன்றாகக் கேட்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருந்தின் மேல் எனக்குக் கோபமில்லை.

பிறகு ஸ்கேனைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை. கால் மரத்துப்போய் பலவீனமாகிறதா, சிறுநீர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்று வரிசையாகக் கேட்டார். அதில் ஒன்று இருந்தாலும் பேச்சே வேறு, உடனே ஓடவேண்டும் என்றார். எனக்கு எதுவும் இல்லை. அப்புறம்தான் அந்தக் கணக்கைச் சொன்னார். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015ல் வெளியிட்டிருக்கிறார்கள். இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ். நாற்பது வயதில் 50 சதவீதம். எண்பதில் 84. “உங்க ஆபீஸ்ல நாப்பது வயசுக்காரங்க பத்துப் பேரை ஸ்கேன் எடுத்தா அஞ்சு பேருக்கு இதே ரிப்போர்ட்டு வரும். அவங்க பந்து விளையாடிட்டு இருப்பாங்க.”

எனக்கு நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஜவ்வு இல்லையென்றால் எனக்கு வலிப்பது எது?

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். அடிபட்டவுடன் வரும் வலி, அடிபட்ட இடத்திலிருந்து போகும் தந்தி. மூன்று மாதத்தைத் தாண்டிய வலியில் பல நேரம் இடம் ஆறிப்போயிருக்கும், தந்தி ஆபீஸ் மட்டும் அடங்காமல் அடித்துக்கொண்டிருக்கும். நரம்பு மண்டலம் பழகிப்போய், சின்னத் தொடுகையைக்கூடப் பெரிய ஆபத்தாகப் படிக்கும். தண்டுவடத்தில் ஒரு கதவு இருக்கிறது, மேலே மூளையிலிருந்து வரும் கட்டளை அதைத் திறக்கவும் மூடவும் செய்யும் என்று ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு வலி ஆராய்ச்சியாளர்கள் 1965லேயே எழுதிவிட்டார்கள். அப்படிக் கீழே இறங்கி வலியைத் தணிக்கும் நரம்புகள் பயன்படுத்தும் சரக்குதான் செரடோனினும் நார்அட்ரினலினும். அவர் எனக்கு எழுதிக் கொடுத்த டுலோக்செடின் அந்த இரண்டையும் கூட்டுகிறது. மனச்சோர்வு மருந்துகளும் அதே சரக்கில்தான் வேலை பார்ப்பதால், ஒரே மாத்திரை இரண்டு வேலை பார்க்கிறது. அமெரிக்காவில் 2004ல் மனச்சோர்வுக்கும் சர்க்கரை நோயின் நரம்பு வலிக்கும் ஒரே வருடத்தில் அனுமதி கொடுத்தார்கள், 2010ல் நாள்பட்ட முதுகுவலி போன்றவற்றுக்கும். மெடிக்கல் கடைத் தம்பி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பாதியைத்தான் சொன்னான்.

டாக்டர் இதையெல்லாம் தெளிவாகத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். ஊருக்கு வந்து அட்டையை ஒளித்துவைத்தேன். பன்னிரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் புரண்டு படுக்க முடியாமல், மனைவியை எழுப்பாமல், இருட்டில் பீரோவைத் துழாவி முதல் மாத்திரையைப் போட்டேன். அறிவு வந்து போட்டதில்லை, ஆற்றாமையில் போட்டது.

முதல் வாரம் குமட்டல், வாய் வறட்சி, காரணமில்லாத கொட்டாவி. விட்டுவிடலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன். முதல் வாரங்களில் மனசு தடுமாறினால் உடனே கூப்பிடச் சொல்லியிருந்தார்கள், அப்படி எதுவும் ஆகவில்லை. 30 மில்லிகிராமிலிருந்து 60க்கு ஏற்றினார்கள். மூன்றாம் வாரம் ஒருநாள் காலையில் பால்காரர் மணியடித்துத்தான் விழித்தேன். ஐந்து மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கியிருக்கிறேன். இரண்டு வருடத்தில் முதல் முறை.

மூன்று மாதம் கழித்துப் பத்துக்கு எட்டாக இருந்த வலி ஆறானது. ஆனால் நான் மாறவில்லை. அதே பெல்ட், அதே பலகை, அதே வாசல் நிற்பு. மதுரையில் இதைச் சொன்னதும் டாக்டர் கேட்டார்: “மாத்திரை உங்களுக்குக் கொஞ்சம் இடம் பண்ணிக் குடுத்திருக்கு. அந்த இடத்துல நீங்க என்ன பண்றீங்க?”

பதில் இல்லை. ஓர் உளவியலாளரின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

“நான் நடிக்கிறேன்னு சொல்றீங்களா சார்?” என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

“நடிக்கிறவருக்கு நான் அறுபது மில்லிகிராம் எழுதமாட்டேன்” என்றார்.

அந்த மேடம் என்னைவிட இளையவர். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் நான்தான் பேசினேன். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார், ஆறு என்றேன். “நம்பர் வேண்டாம் சார், வார்த்தையா சொல்லுங்க.” குத்துகிறது, குடைகிறது, இழுக்கிறது, சாயங்காலம் கடுகடு, ராத்திரி விண்விண் என்று சொல்லிக்கொண்டே போனேன். அப்புறம், “கால் பூரா ஒரே உளைச்சல்” என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “உளைச்சல்ங்கிற வார்த்தைய வேற எதுக்கு சொல்லுவோம்?” என்றார். சொல்லவேண்டியதே இல்லை. காலுக்கும் அதுதான், மனசுக்கும் அதுதான். நோவு என்றாலும் அப்படியே. உடம்பும் நோகும், மனசும் நோகும். நம் பாட்டிகள் எந்த வலிக்கும் இரண்டு பெட்டி வைத்துக்கொள்ளவில்லை. நான்தான் ஒன்றை மரியாதையான பெட்டி என்றும் மற்றதை அவமானப் பெட்டி என்றும் பிரித்து வைத்திருந்தேன்.

அவர் சொன்ன இரண்டு விஷயங்களை இன்றைக்கும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1995ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த சேதி ஒன்று. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி 15 சென்டிமீட்டர் ஆணி மேல் குதித்துவிட்டார். பூட்ஸைத் துளைத்து மேலே வந்து நிற்கிறது ஆணி. லேசாக அசைந்தாலே துடிக்கிறார். மயக்க மருந்து கொடுத்து ஆணியை உருவி, பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால், ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவில் போயிருக்கிறது. காலில் ஒரு கீறல்கூட இல்லை. இன்னொன்று, நம் சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்துவிட்டு அமெரிக்கா போன வி.எஸ். ராமச்சந்திரனின் வேலை. கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலி வரும். இருக்கும் கையைக் கண்ணாடியில் காட்டி, இல்லாத கை அசைகிற மாதிரி மூளையை நம்பவைத்தார். சிலருக்கு வலி தணிந்தது. “அந்த ஆணிக்காரர் நடிச்சாரா சார்?” என்று கேட்டார் மேடம். இல்லை, அவருக்கு நிஜமாகவே வலித்தது. ஆபத்து என்று மூளை முடிவுகட்டினால் போதும், வலிக்கும்.

எட்டு சந்திப்புகள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மதுரை பஸ். பஸ் பயணமே ஒரு சிகிச்சைதான், பின் டயர் மேல் இருக்கும் சீட் கிடைத்தால் எதிர் சிகிச்சை.

தினமும் வலியைக் குறித்துவைக்கச் சொன்னார். எங்களிடம் தாளுக்கா பஞ்சம்? வீட்டில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினேன். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், யாருக்குச் சந்திராஷ்டமம். பின்பக்கம் வலி எத்தனை, எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன், என்ன நடந்தது. மூன்றாவது சந்திப்பில் கத்தையை நீட்டியதும் மேடம் சிரித்துவிட்டார். “சந்திராஷ்டமத்தன்னைக்கு வலி கூடுதா சார்?” அதையும் பார்த்துவிட்டோம். கூடவில்லை.

கூடியது திங்கள், செவ்வாய். அதிகம் உட்கார்ந்த நாட்களில் கூடும் என்றுதான் நான் சத்தியம் செய்திருப்பேன். தாள்கள் வேறு சொல்லின. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சுகமாக இருந்தால் ஆறு நாள் பாக்கியை ஒரே நாளில் தீர்ப்பேன். தொட்டி கழுவுவது, ஒட்டடை, மகன் சைக்கிள், கடைவீதி. திங்கள் படுக்கை. செவ்வாய் லீவு. புதன் குற்ற உணர்ச்சி. இன்னொன்றும் தெரிந்தது: பாக்கி வைத்திருக்கும் ஒரு பார்ட்டி போன் செய்து கத்திய மூன்று நாட்களிலும் சாயங்காலம் வலி எட்டு. அன்றைக்கு நான் குனியவும் இல்லை, தூக்கவும் இல்லை.

இதற்கு அவர் கொடுத்த மருந்து ஓர் அலாரம். மோசமான நாளில் வலி கூடாமல் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று பார்த்தோம், முப்பத்தைந்து நிமிடம். அதில் கொஞ்சம் குறைத்து இருபத்தெட்டு. மணி அடித்தால் எழுந்து இரண்டு நிமிடம் நடக்கவேண்டும். வலித்தாலும் எழு, வலிக்காவிட்டாலும் எழு. கேட்க எளிதாக இருக்கும். வலிக்கும்போது எழுவது சுலபம்தான். வலிக்காதபோது, கையில் பாதி முருகன் இருக்கும்போது எழுவது இருக்கிறதே! ஆபீசில் முதல் வாரம் மணி அடித்தவுடன், “அண்ணாச்சி, பூசைக்கு நேரமாச்சு” என்று கிண்டல். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். வேலை குறையக்கூடாது என்றார். குறையவில்லை, செவ்வாய்க்கிழமை லீவு குறைந்தது.

அடுத்து குடம். குனியாதே, தூக்காதே என்று கேட்ட வாக்கு என் இடுப்பில் பெல்ட்டைவிட இறுக்கமாகக் கட்டியிருந்தது. பயப்படும் காரியங்களை ஏணி மாதிரி எழுதினோம். அடிப்படியில் கீழே கிடக்கும் தாளைக் குனிந்து எடுப்பது. உச்சிப்படியில் தண்ணீர்க் குடம். நடுவில் செருப்பு, காய்கறிப் பை, கால் குடம், அரைக் குடம். ஒவ்வொரு படியிலும் முதலில், என்ன ஆகும் என்று நினைக்கிறேன் என எழுதவேண்டும். கால் குடத்துக்கு, “நரம்பு நசுங்கும், மூன்று நாள் படுக்கை” என்று எழுதினேன். தூக்கினேன். சுளீர் என்றது. படுத்துக்கொண்டு, “சொன்னேன் பார்த்தாயா” என்று மனசுக்குள் மேடத்தைத் திட்டினேன். சாயங்காலம் வலி ஆறு. மறுநாள் ஐந்து. மூன்றாம் நாள் நாலு. நரம்பு நசுங்கவில்லை.

‘பாசிட்டிவா நினைங்க’ என்று அவர் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. அந்த வாக்கியத்தை வாட்ஸாப்பில் தினம் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூவோடு வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அதுவே பெரிய ஆறுதல். “இனிமே அவ்ளோதான், படுத்த படுக்கைதான்” என்று நான் புலம்பினால், “போன தடவை இதே மாதிரி வந்தப்போ எத்தனை நாள்ல குறைஞ்சது? தாள்ல பாருங்க” என்பார். என் கையெழுத்திலேயே பதில் இருக்கும். நான் ஒரு ப்ரூஃப் ரீடர் மாதிரி என் பயத்தைப் படிக்கப் பழகினேன். பயம் நிறையப் பிழை விடுகிறது.

சரி, இங்கே நான் செய்த முட்டாள்தனத்துக்கு வரவேண்டும். 2024 பங்குனியில் வலி நாலுக்கு வந்துவிட்டது. குடம் தூக்குகிறேன், வண்டி ஓட்டுகிறேன். பேச்சிலேயே சரியாகிவிட்டது, இனி இந்த மாத்திரை எதற்கு, மெடிக்கல் கடையில் அந்தத் தம்பி முகத்தில் முழிக்கவேண்டாமே என்று ஒரு வெள்ளிக்கிழமை நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலையைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி ஒரு வெட்டு. நிற்கமுடியாத கிறுகிறுப்பு. எதற்கென்று தெரியாமல் கோபம், பிறகு அழுகை. தூக்கம் மூன்று மணி நேரம். வலி எட்டு. அலாரம் அடித்தது, அணைத்தேன். திரும்ப அடித்தது, போனையே அணைத்தேன். ஆறு மாதம் படித்த பாடம் எல்லாம் மண்டையில் இருந்தது, ஒன்றைக்கூட எடுத்துச் செய்யத் தெம்பில்லை.

ஒரு வாரம் தாங்கிவிட்டுப் போன் செய்தேன். டாக்டர் திட்டினார், நியாயம்தான். இது அடிமைப்பட்டதில்லை, படிக்கட்டில் இறங்கவேண்டியதை மாடியிலிருந்து குதித்துவிட்டீர்கள் என்றார். திரும்பத் தொடங்கினோம்.

‘மந்திரம் கால், மதி முக்கால்’ என்று அம்மா அடிக்கடி சொல்லும். மாத்திரை கால், பேச்சு முக்கால் என்று நான் மாற்றி வைத்திருந்தேன். அந்த ஒரு வாரத்தில் கணக்கு தப்பு என்று தெரிந்தது. தூக்கம் கெட்டவனுக்குப் பேச்சு ஏறாது. அதே மாதிரி, மாத்திரை மட்டும் இருந்த முதல் மூன்று மாதத்தில் நான் நன்றாகத் தூங்கி எழுந்து, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அதே வாசலில் போய் நின்றேன். எது எத்தனை பங்கு என்று பிரிக்க என்னால் முடியவில்லை.

ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தபோது, தனித்தனியாக இரண்டுமே பெரிய சூரப்புலிகள் இல்லை என்று தெரிந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு 2020ல் நாள்பட்ட வலிக்கான உளவியல் சிகிச்சைகள் பற்றிய 75 ஆய்வுகளைத் தொகுத்தது, பலன் உண்டு, ஆனால் சிறியது. 2023ல் மனச்சோர்வு மருந்துகளை வலிக்குக் கொடுத்த 176 ஆய்வுகளைத் தொகுத்தது. அதில் டுலோக்செடினுக்குத்தான் நம்பகமான ஆதாரம், அதுவும் சிறியதுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்ட பலன், 60 மில்லிகிராமுக்கு மேல் போய்ப் பிரயோஜனமில்லை. என் கதைக்குப் பக்கத்தில் வருவது 2009ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த ஒன்று. இடுப்பு, முழங்கால் வலியோடு மனச்சோர்வும் இருந்த 250 பேர். பாதிப் பேருக்கு முதல் 12 வாரம் மருந்தை ஒழுங்காகச் சரிசெய்து கொடுத்தார்கள், அடுத்த 12 வாரத்தில் வலியோடு வாழ்வதற்கான ஆறு பயிற்சி வகுப்புகள். வருடக் கடைசியில் அவர்களில் 100க்கு 41 பேருக்கு வலி 30 சதவீதமாவது குறைந்திருந்தது. வழக்கமான சிகிச்சையில் விடப்பட்டவர்களில் 17 பேர். மீதி 59 பேரை நான் மறக்கவில்லை. எனக்குக் கேட்டது என்பதற்காக உங்களுக்கும் கேட்கும் என்று எழுத எனக்குக் கை வராது. ஆனால் கேட்டுப் பார்க்கவாவது வேண்டும். ஊசி போடும் எந்த டாக்டரும் என்னிடம் இரண்டு வருடமாக, “ராத்திரி தூங்குறீங்களா?” என்று கேட்கவில்லை.

செலவு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு சந்திப்புக்கு எண்ணூறு ரூபாய், பஸ் தனி, அன்றைய சம்பளம் தனி. உழிச்சலுக்கும் பெல்ட்டுக்கும் அதற்குமேல் செலவழித்தேன் என்பது வேறு விஷயம். கையில் இல்லாதவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். 2022 அக்டோபரிலிருந்து டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி இருக்கிறது, 14416க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், காசில்லை. அங்கே போகிறீர்கள் என்பதற்காக உங்கள் வலி பொய்யாகிவிடாது. மாத்திரையை என் பேச்சைக் கேட்டுத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். கட்டைப்பையில் அள்ளிக்கொண்டு போய் ஒரே டாக்டரிடம் கொட்டுங்கள், அதுவே பாதி வேலை.

போன தை மாதம் அம்மாவை மதுரைக்குக் கூட்டிப்போனேன். அதற்குப் பதினாறு வருடமாகச் சர்க்கரை. ராத்திரியானால் உள்ளங்கால் எரிகிறது, மிளகாய்ப்பொடி தூவின மாதிரி இருக்கிறது என்று தூங்காமல் கிடந்தது. டாக்டர் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன், டுலோக்செடின் 30. அன்றைக்கு நான் குறைத்துக் குறைத்து வந்து நின்றிருந்ததும் 30தான். அதே அட்டை, அதே கம்பெனி. மெடிக்கல் கடைத் தம்பி இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை, அம்மாவின் சீட்டில் ‘கால் எரிச்சல்’ என்று டாக்டர் எழுதியிருந்தார்.

அம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டது. “எரிச்சலுக்கு ஒரு மாத்திரை குடுத்திருக்காக, நல்லாக் கேக்குது, உனக்கும் வேணுமா?” இருமல் மருந்துக்காரர் மனைவிக்குச் சிபாரிசு வேறு. நான் ஓடிப்போய்த் தடுக்கவேண்டியதாயிற்று.

இப்போது இரண்டு அட்டையும் ஒரே டப்பாவில், ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. பீரோவில் இல்லை. நேற்று ராத்திரி சாப்பிட்டதும் அம்மா டப்பாவைத் திறந்து தனக்கு ஒன்று பிதுக்கிக்கொண்டு, எனக்கும் ஒன்றைப் பிதுக்கி நீட்டியது.

“ஏய்யா, நீ இன்னும் எத்தனை நாளைக்குப் போடணும்?”

“தெரியலம்மா. ஆடி வேலை முடியட்டும், குறைக்கலாம்னு சொல்லியிருக்காரு.”

“சரி, போட்டுட்டுப் படு. காலைல தண்ணி வருது.”